அம்சம் புதைத்த பெட்டிகள்

அந்த வேன் முதன்முதலில் எங்கள் ஊருக்கு வந்தபோது அதை மறித்து நின்ற கூட்டத்தில் நானும் இருந்தேன். 2022ஆம் வருடம், சித்திரை மாதம். தஞ்சாவூரிலிருந்து ஏதோ கம்பெனிக்காரர்கள் வந்து வைத்தியலிங்கம் வீட்டு வயலில் ஒன்றரை ஏக்கரைக் குத்தகைக்குப் பிடித்திருக்கிறார்கள், மண்ணுக்குள் கருவி இறக்கப்போகிறார்கள் என்று முதல் நாளே பேச்சு பரவியிருந்தது. மீத்தேன் எடுக்க வருகிறார்கள், எண்ணெய் எடுக்க வருகிறார்கள் என்று பயந்து பயந்தே பழகிய ஊர் எங்களுடையது. திருப்பனந்தாளுக்குக் கிழக்கே மண்ணியாற்றங்கரையில் இருக்கும் தென்கரைநல்லூரில் அன்றைக்கு வேலைக்குப் போனவர்கள் கம்மி.

வேனிலிருந்து சுடிதார் போட்ட ஒரு பெண் இறங்கினாள். இருபத்தேழு இருபத்தெட்டு வயது இருக்கும். பெயர் பூர்ணிமா என்று பிறகு தெரிந்தது.

"மண்ணுக்குள்ளேர்ந்து நாங்க எதையும் எடுக்க வரலைங்க. புதைக்கத்தான் வந்திருக்கோம்" என்றாள்.

அது இன்னும் மோசமாகப் போய்விட்டது. "என்னத்தப் புதைக்கப்போற?" என்று நாலு பேர் ஒரே நேரத்தில் கத்தினார்கள். அவள் வேனுக்குள் கையை விட்டு ஒரு பிளாஸ்டிக் பெட்டியை எடுத்துக் காட்டினாள். தேங்காய் மூடி அகலம், வட்டமாக, பச்சை நிறம்.

"இதுல வெடி கிடையாதுங்க. மெழுகுதான். கண்ணிவெடி மாதிரி செஞ்ச டம்மி. இத மண்ணுக்குள்ள வெச்சிட்டு எங்க மெஷின் கண்டுபிடிக்குதான்னு பாப்போம். ராணுவத்துக்காக."

"அதுக்கு எங்க ஊரு வயலுதான் கெடச்சுதா?"

"காஞ்ச மணல்ல எல்லா மெஷினும் கண்டுபிடிச்சுடுதுங்க. களிமண்ணு, அதுவும் தண்ணி ஊறுன களிமண்ணுலதான் ஏமாந்துடுது. ஆயிரக்கணக்குல வாங்கிப் பணத்தப் போடுறதுக்கு முன்னாடி ஒண்ணு ரெண்டு செஞ்சு, இருக்கிறதுலயே மோசமான எடத்துல வெச்சு சோதிச்சுக் காட்டச் சொல்றாங்க. இதவிட மோசமான எடம் எங்களுக்குக் கெடைக்கல."

எங்கள் மண்ணை மோசம் என்று சொன்னதற்குக் கோபப்பட வேண்டியவர்கள் சிரித்துவிட்டார்கள். கூட்டம் கலையத் தொடங்கியது. அப்போது பின்னாலிருந்து அம்சம் முன்னே வந்தார். அதுவரை அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

"வேலைக்கு ஆள் வேணுமா?" என்று கேட்டார்.

எங்களுக்கெல்லாம் சங்கடமாகிவிட்டது. பூர்ணிமாவுக்கு ஒன்றும் தெரியாது. "வேணுங்கக்கா. நாளைக்கே வாங்க" என்றாள்.

அம்சம் எங்கள் தெருவில் பிறந்து எங்கள் தெருவிலேயே வாழ்க்கைப்பட்டவர். அப்பா காலத்தில் பண்ணையில் வேலை. அம்சம் காலத்தில் இரண்டு ஏக்கர் குத்தகைச் சாகுபடி. ஒன்பதாவது வரை படித்தவர். கயிறு பிடிக்காமலே நேர்கோட்டில் நடவு நடுவார். அவர் கணவர் அரசப்பன்தான் எங்கள் தெருவிலிருந்து பட்டாளத்துக்குப் போன முதல் ஆள். ராணுவத்தில் பாலம் போடுகிற, பாதை வெட்டுகிற, கண்ணிவெடி எடுக்கிற பிரிவில் சாப்பர். 2018 ஆகஸ்டில் வடக்கே எல்லை மலையில் இறந்துபோனார். பலத்த மழையில் மண் சரிந்து, எப்போதோ புதைத்த கண்ணிகள் இடம் மாறிக் கிடந்ததாம். பாதையைச் சோதித்துக்கொண்டு முன்னால் போனவர் அவர்தான். உடல் வந்த பெட்டியை எங்களுக்குத் திறந்து காட்டவில்லை.

பெட்டியோடு வந்த சிப்பாய்களில் ஒருவர் அரைகுறைத் தமிழில் அம்சத்திடம் ஒன்று சொல்லிவிட்டுப் போனார். "அண்ணி, மெஷின் சத்தம் குடுக்கலை."

அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு அம்சம் நாலு வருஷம் இருந்தார். மெஷின் ஏன் சத்தம் கொடுக்கவில்லை? கெட்டுப்போன மெஷினா? அவர் சுவிட்சைப் போட மறந்துவிட்டாரா? துக்கம் விசாரிக்க வந்த உறவுக்காரர் ஒருவர், "நம்ம பய கொஞ்சம் அசால்ட்டா இருந்திருப்பான்" என்று வாசலில் நின்று சொன்னது அவர் காதில் விழுந்திருந்தது. அதற்குப் பிறகு அந்த உறவுக்காரர் வீட்டு வாசலை அவர் மிதித்ததில்லை.

"பென்ஷன் வருது, குத்தகை வயல் இருக்குது, ஒனக்கெதுக்கு அம்சம் அந்த வேலை?" என்று தெருவில் கேட்டார்கள். "சேத்துவேலதானே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வயலை இருநூறு கட்டங்களாகக் கயிறு கட்டிப் பிரித்தார்கள். புதைக்கிற ஆள் இன்ஜினியராக இருக்கக் கூடாது, மெஷினைப் பிடித்து நடப்பவருக்கு எங்கே இருக்கிறதென்று தெரியக் கூடாது என்பது விதி. பூர்ணிமா அம்சத்திடம் ஒரு பிஸ்கட் டின்னையும் நோட்டையும் கொடுத்தாள். டின்னுக்குள் கட்ட எண் எழுதின சீட்டுகள். கண்ணை மூடிக்கொண்டு இருபது சீட்டு எடுக்க வேண்டும். அந்தக் கட்டங்களில் பெட்டியைப் புதைத்து, மண்ணைப் பழையபடி மூடி, நோட்டில் குறித்து வீட்டுக்குக் கொண்டுபோய்விட வேண்டும். மண் செட்டாக ஒரு வாரம், பத்து நாள் விடுவார்கள். பிறகு மெஷினோடு நடப்பார்கள். அம்சம் புதைத்த இடத்தில் புதைத்த அடையாளமே இருக்காது. அரவிந்தன் ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டு, "எங்கக்கா வெச்சீங்க, வெச்சீங்களா இல்லையா?" என்று கேட்டாராம்.

அரவிந்தன்தான் கம்பெனியின் முதலாளி. முதலாளி என்றால் பெரிய ஆள் இல்லை. நாற்பது வயது, பெங்களூரில் வேலையை விட்டுவிட்டு வந்தவர். தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் ரோட்டில் ஒரு மாடியில் ஆறு பேரோடு அந்த மெஷினைச் செய்துகொண்டிருந்தார்.

முதல் சோதனையில் இருபதில் ஒன்பதைத் தவறவிட்டது. பூர்ணிமா நோட்டை வாங்க அன்று மாலை அம்சத்தின் வீட்டுக்கு வந்தாள். சுவரில் சீருடையோடு அரசப்பன் படம். மாலை போட்டிருந்தது. கீழே தேதி.

"அக்கா, இவங்க...?"

"எங்க வீட்டுக்காரரு."

"எப்படிக்கா?"

அம்சம் சொன்னார். பூர்ணிமா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அம்சம் அழவில்லை. எத்தனையோ நாள் யாரிடமாவது கேட்க வேண்டும் என்று வைத்திருந்ததை அப்போது கேட்டார்.

"சுவிட்சு போட்டும் சத்தம் வராம போவுமாம்மா?"

"போகும்க்கா."

"எதனால?"

"தண்ணிக்குள்ள மூழ்கிட்டுக் கரையில நிக்கிறவங்களக் கூப்பிட்டா கேக்குமா? அந்த மாதிரிதான். ஈர மண்ணு மெஷினோட சத்தத்தை முழுங்கிடும். பிளாஸ்டிக் கண்ணின்னா அதுக்குள்ள இரும்புன்னு இருக்கிறது ஒரு ஊசி அளவுதான். அத மெஷின் ஒரு துருப்புடிச்ச ஆணின்னு நெனச்சுக்கும், இல்லேன்னா அதுவும் தெரியாது. பிடிச்சிருக்கிற ஆளால ஒண்ணும் பண்ண முடியாதுக்கா."

"அப்ப அவரு மேல தப்பில்ல?"

"இல்லக்கா. சத்தியமா இல்ல."

அம்சம் எழுந்து அடுப்படிக்குப் போனார். உள்ளே குழாயில் தண்ணீர் ஓடுகிற சத்தம் ரொம்ப நேரம் கேட்டதாகப் பூர்ணிமா சொன்னாள். காப்பியோடு வெளியே வந்தபோது முகம் கழுவியிருந்தது.

அடுத்த ஒன்றரை வருஷம் அம்சம் அந்த வயலில்தான் கிடந்தார். மெஷினை மூன்று தடவை மாற்றிச் செய்தார்கள். ஆற்றில் தண்ணீர் வந்த பிறகு வயலைக் கட்டிப் பாய்ச்சி, சேறடித்து, அதில் புதைத்துப் பார்த்தார்கள். இரண்டாவது மெஷின் எல்லாவற்றையும் கண்டுபிடித்தது. கூடவே நண்டு வளைகளையும் கண்டுபிடித்தது. மண்ணுக்குள் காலியாக இருக்கிற பொந்தும் பிளாஸ்டிக் பெட்டியும் அதற்கு ஒரே மாதிரி தெரிந்தது. ஒரே நாளில் நாற்பத்தோரு இடத்தில் கத்தியது. தோண்டிப் பார்த்தால் நண்டு கொடுக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கும். பூர்ணிமா வரப்பில் உட்கார்ந்து சிரித்தாள், பிறகு அழுதாள். அம்சம் நண்டுகளைப் பொறுக்கி வாளியில் போட்டுக் குழம்பு வைத்துக் கொண்டுவந்தார். ஆறு பேரும் சாப்பிட்டார்கள்.

மூன்றாவது மெஷின் நண்டு வளையை ஒதுக்கக் கற்றுக்கொண்டது. நாலாவது, ஈரக் களியில் இருபதுக்குப் பதினேழு, பதினெட்டு என்று பிடித்தது. ஆனால் வயலின் வடிகால் மூலையில், வருஷம் முழுக்க நீர் கசிந்து கால் முழங்கால் வரை உள்ளே போகிற இடத்தில் மட்டும், பிளாஸ்டிக் பெட்டியை அது பார்க்கவே இல்லை. ஒரு தடவைகூட. "எழுதிக்கங்கம்மா, அந்த மூலை" என்று அம்சம் ஒவ்வொரு முறையும் சொல்வார். பூர்ணிமாவும் எழுதினாள்.

2023 கார்த்திகையில் அரவிந்தனுக்குக் கடிதம் வந்தது. ராணுவத்திலிருந்து ஒரு குழு மார்கழி முதல் வாரம் வந்து பார்க்கும். இது முதல் கட்டச் சோதனை. இதில் தேறினால் மேற்கொண்டு செய்யப் பணம் ஒதுக்குவார்கள். ஒரு வருஷம் கழித்து இரண்டாம் கட்டம். அதில் அவர்களே புதைத்து அவர்களே தேடுவார்கள். முதல் கட்டத்துக்குப் பெட்டிகளைப் பத்து நாள் முன்பே உள்ளூர் ஆளை வைத்துப் புதைத்து, இடம் குறித்த தாளை உறையில் போட்டு ஒட்டி வைத்திருக்க வேண்டும். பங்குனி வரை தள்ளிப்போடச் சொல்லி அரவிந்தன் இரண்டு முறை எழுதிக் கேட்டார். மழை ஓய்ந்து மண் கொஞ்சம் இறுகிவிடும் என்பதுதான் காரணம். முடியாது என்று பதில் வந்தது.

புதைக்கிற நாளன்று காலையில் அரவிந்தன் போர்செட் கொட்டகைக்கு அம்சத்தைக் கூப்பிட்டார். பூர்ணிமா பக்கத்தில் நின்றாள், தரையைப் பார்த்துக்கொண்டு.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். வடிகால் மூலைக்குச் சீட்டு விழுந்தா, அத எடுத்துட்டு வேற சீட்டு போட்டுக்கங்க. மேட்டுப் பக்கமா வெச்சுடுங்க."

அம்சம் பூர்ணிமாவைப் பார்த்தார்.

"ஏமாத்துறதுக்கு இல்லக்கா. அந்தக் கோளாறு எனக்குத் தெரியும், எப்படிச் சரிபண்ணணும்னும் தெரியும். ஆறு மாசம் வேணும், ஆறு மாசத்துக்குக் கையில காசு வேணும். இப்ப தோத்துட்டா கம்பெனிய இழுத்து மூடணும். அப்புறம் இத யாருமே சரிபண்ண மாட்டாங்க. ரெண்டாம் கட்டத்துக்குள்ள முடிச்சுடுவேன். என் பொண்ணு மேல ஆணையா."

"யோசிக்கிறேன் சார்" என்றார் அம்சம்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தார். மகள் எழில்மொழி பதினொன்றாம் வகுப்பு. அரையாண்டுத் தேர்வுக்கு வீட்டிலிருந்து படித்துக்கொண்டிருந்தாள். அம்சம் அவளிடம் எதையும் மறைப்பதில்லை. கேட்டுவிட்டு அவள் சொன்னாள்:

"அது பாஸானாத்தானேம்மா அடுத்தத செய்வாங்க? ஒருநாள் ஒரு பொய்யி. அதனால எத்தன பேரு பொழைப்பாங்க?"

"அடுத்தது செய்யிற வரைக்கும் இத யாரு கையிலயும் குடுக்க மாட்டாங்களா?"

"அவருதான் சரிபண்ணிடுவேங்கிறாருல்ல?"

"பாஸான மெஷினுன்னு சொன்னா, மேல இருக்கிறவங்க அவசரத்துல அப்படியே அனுப்பிவிட்டா? உங்கப்பா கையில குடுத்ததும் எங்கயோ பாஸான மெஷினுதான்டி."

எழில்மொழி புத்தகத்தை மூடி வைத்தாள். பிறகு, "இது இல்லேன்னா பழசுதானம்மா அவங்க கையில இருக்கும்" என்றாள்.

அம்சம் தட்டில் கையைக் கழுவிவிட்டு எழுந்தார்.

சாயங்காலம் நாலு மணிக்குக் கண்ணை மூடிக்கொண்டு சீட்டு எடுத்தார். இருபதில் இரண்டு வடிகால் மூலையில் விழுந்தது. கொஞ்ச நேரம் வரப்பில் நின்றார். ஊரில் ஈரக்காற்று அடித்துக்கொண்டிருந்தது. பிறகு சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மூலையில் இறங்கினார். பெட்டிகளை உள்ளே தள்ளி, சேற்றை மூடி, உள்ளங்கையால் தடவிவிட்டார். தாளில் கட்ட எண்ணை எழுதி, உறையில் போட்டு ஒட்டி, பூர்ணிமாவிடம் கொடுத்தார். அரவிந்தன் ஒன்றும் கேட்கவில்லை. அம்சமும் சொல்லவில்லை.

சோதனை நாளில் ஒரு கர்னலும் மூன்று அதிகாரிகளும் வந்தார்கள். மெஷினைப் பிடித்து நடக்க ஒரு சாப்பரைக் கூட்டிவந்திருந்தார்கள். முத்துப்பேட்டைப் பையன், பெயர் ஜாஃபர் சாதிக், இருபத்துநாலு வயது. வரப்பில் நின்று பூட்ஸ் கயிற்றை இறுக்கிக்கொண்டே அம்சத்தைப் பார்த்து, "நல்லா பொதச்சு வெச்சிருக்கீங்களாம்மா?" என்று சிரித்தான். அம்சத்தால் சிரிக்க முடியவில்லை.

அன்றைக்கு வைத்திருந்த பெட்டிகளில் ஒரு விசேஷம். உள்ளே பேட்டரியும் பஸ்ஸரும் இருந்தன. மிதித்துவிட்டால் நீளமாக ஊதும்.

மேட்டுப் பக்கத்தில் மெஷின் ஒழுங்காகக் கத்தியது. ஒவ்வொரு முறை கத்தும்போதும் ஜாஃபர் மண்டியிட்டுச் சிவப்புக் கொடி நட்டான். பதினாறு, பதினேழு, பதினெட்டு. அரவிந்தனின் முகம் தெளியத் தொடங்கியது. வடிகால் மூலைக்கு வந்தான். மெஷினை இடமும் வலமும் வீசினான். சத்தமில்லை. ஒரு காலை எடுத்து வைத்தான். மறுபடி வீசினான். சத்தமில்லை. அடுத்த காலை வைத்தான்.

சேற்றுக்குள்ளிருந்து ஊதியது.

வரப்பில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த எங்களில் யாரும் அசையவில்லை. டம்மி என்று எல்லோருக்கும் தெரியும். அம்சம் மட்டும் வரப்பிலிருந்து கீழே குதித்தார். கொடிகளை மிதித்து, கயிறுகளை அறுத்துக்கொண்டு ஓடிப்போய், சேற்றில் முழங்காலிட்டு ஜாஃபரின் வலது காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பூட்ஸிலிருந்து முட்டி வரை தடவித் தடவிப் பார்த்தார். வாயிலிருந்து என்ன சத்தம் வந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அரசப்பனின் பெட்டி வந்த அன்றுகூட அவர் அப்படி அழுததில்லை.

"ஒண்ணும் இல்லம்மா. டம்மிம்மா. பாருங்க, காலு இருக்கு பாருங்க" என்று ஜாஃபர் திரும்பத் திரும்பச் சொன்னான்.

கர்னல் பூர்ணிமாவிடம் ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார். அவள் அரசப்பனைப் பற்றிச் சொன்னாள். அவர் சோதனையை நிறுத்திவிடலாமா என்று கேட்டார். பூர்ணிமா அதைத் தமிழில் சொன்னதும் அம்சம் எழுந்தார்.

"இன்னும் ஒண்ணு இருக்கு. முடிச்சிடச் சொல்லும்மா."

அந்த இன்னொன்றையும் மெஷின் பார்க்கவில்லை.

உறையைப் பிரித்துச் சரிபார்த்தார்கள். கர்னல் அரவிந்தனின் கையைக் குலுக்கி, நல்ல வேலை, ஆனால் ஈர மண்ணில் இதை நம்பி ஆளை அனுப்ப முடியாது என்று சொல்லிவிட்டுப் போனார். எழுத்தில் பதில் வர ஒரு மாதம் ஆயிற்று. அதிலும் அதேதான் இருந்தது.

எல்லோரும் போன பிறகு அரவிந்தன் போர்செட் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். கோபப்படவில்லை.

"அக்கா, அந்த ரெண்டும் சீட்டுல விழுந்துதா, இல்ல நீங்களா கொண்டுபோய் வெச்சீங்களா?"

"சீட்டுதான் சார்."

அவர் தலையை ஆட்டினார். நம்பினாரா என்று தெரியவில்லை. அதற்குப் பிறகு அம்சம் அவரைப் பார்க்கவில்லை.

தை கடைசியில் கயிறுகளை அவிழ்த்தார்கள். பூர்ணிமா அம்சத்தின் வீட்டுக்கு வந்து, ஐதராபாத்தில் கார் கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்திருப்பதாகச் சொன்னாள். காருக்கு முன்னால் ஆள் வந்தால் காரே நின்றுகொள்கிற கருவியாம். "எம்மேல கோவமாம்மா?" என்று அம்சம் கேட்டார். "நான் உங்க எடத்துல இருந்தா மாத்தி வெச்சிருப்பேன்க்கா. அதான் எனக்குக் கஷ்டமா இருக்கு" என்று சொல்லிவிட்டு அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். வயல் வைத்தியலிங்கத்துக்கே திரும்பிப்போய், அடுத்த குறுவைக்கு நடவாகிவிட்டது.

ஜாஃபர் சாதிக் மட்டும் விடவில்லை. அன்றைக்கே அம்சத்தின் போன் நம்பரை வாங்கிப்போனவன், மாதத்துக்கு ஒருமுறையாவது கூப்பிடுவான். "அம்மா, என் காலு நல்லா இருக்கு" என்றுதான் பேச்சையே தொடங்குவான். 2024 ஆவணிக்கு மேல் போன் வரவில்லை. சிக்னல் இல்லாத இடமாக இருக்கும் என்று எழில்மொழி சொன்னாள். ஐப்பசியில் ஒரு பெண் குரல் கூப்பிட்டது. "நான் ஜாஃபரோட உம்மா பேசுறேன். சைத்தூன் பீவி. அவன் ஒங்ககிட்ட சொல்லச் சொன்னான்."

கும்பகோணம், மன்னார்குடி என்று மூன்று பஸ் மாறி அம்சம் முத்துப்பேட்டை போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டு. கடைத்தெருவுக்குப் பின்னால் ஓட்டு வீடு. அலையாத்திக் காட்டுப் பக்கமிருந்து உப்புக் காற்று வந்தது. சைத்தூன் பீவி வாசலிலேயே கையைப் பிடித்துக்கொண்டு, "வாங்க, வாங்க. காலையிலேர்ந்து கேட்டுக்கிட்டே இருக்கான்" என்று உள்ளே கூட்டிப்போனார்.

கட்டிலில் உட்கார்ந்திருந்தான். வலது கால் கணுக்காலுக்கு மேலே முடிந்துவிட்டது. அம்சம் அதைப் பார்த்தார். இந்த முறை ஓடிப்போய்ப் பிடிக்கவில்லை. சுவரோரமாக நின்றுவிட்டார்.

"என்ன மெஷின் வெச்சிருந்தே தம்பி?"

"பழசுதாம்மா. எல்லாருகிட்டயும் அதுதானே இருக்கு."

"சத்தம்...?"

"குடுக்கல."

சைத்தூன் பீவி தண்ணீர் கொண்டுவரப் போனார். அம்சம் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். பஸ்ஸில் வரும்போதெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வார்த்தைகள் ஒழுங்காக வரவில்லை.

"தம்பி, அன்னிக்கு அந்த மூலையில நான் வெக்காம இருந்திருக்கலாம். மேட்டுல வெச்சுடுன்னு சார் சொன்னாரு. நாந்தான் கேக்கல. மேட்டுல வெச்சிருந்தா அந்தப் புது மெஷின் பாஸாயிருக்கும். அவசரத்துல அதையே ஒங்கையில குடுத்திருந்தாலும் குடுத்திருப்பாங்க."

ஜாஃபர் அவரையே பார்த்தான். அவனுக்கு அது தெரியாது. யாரும் அவனிடம் சொல்லியிருக்கவில்லை. வெளியே யாரோ சைக்கிளில் மீன் கூவிக்கொண்டு போனார்கள்.

"இருந்திருந்தாலும் ஒண்ணும் ஆயிருக்காதும்மா" என்றான். "அன்னிக்கு நல்ல மழை. மண்ணு ஒங்க ஊரு மூலை மாதிரித்தான் இருந்துச்சு. அதுவும் கத்தியிருக்காது."

"நெசமாவா?"

"நெசமாத்தாம்மா."

சைத்தூன் பீவி தண்ணீர்ச் சொம்போடு வந்தவர், "என்னடா, என்ன?" என்று இரண்டு பேரையும் பார்த்தார். "ஒண்ணுமில்ல உம்மா, ஊரு விசாரிக்கிறாங்க" என்றான் ஜாஃபர்.

அன்று அம்சம் அங்கேயே சாப்பிட்டார். சைத்தூன் பீவிக்கு முட்டி வலி, குனிய முடியவில்லை என்று தெரிந்ததும் பாத்திரங்களைத் தேய்த்துக் கொடுத்தார். ஜாஃபரின் கால் முனையைத் துடைத்துக் கட்டு மாற்றுவது எப்படி என்று பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டார். மூன்று மணி பஸ்ஸுக்குக் கிளம்பும்போது அவன் கட்டிலிலிருந்தபடியே சல்யூட் வைத்தான். அம்சம் அவன் தலையில் கையை வைத்துவிட்டு வந்தார்.

இப்போதும் மாதத்துக்கு ஒருமுறை முத்துப்பேட்டை போய்வருகிறார். செயற்கைக் கால் போட்டுப் பழகுகிறான், சைத்தூன் பீவியால் தனியாகப் பார்த்துக்கொள்ள முடியவில்லை. போன வாரம் என்னிடம் இதையெல்லாம் சொல்லிவிட்டு, நாற்றங்காலுக்குத் தண்ணீர் திறக்கப் போக வேண்டும் என்று எழுந்தார். நான்தான் கேட்டேன். "ஏக்கா, அன்னிக்கு அங்க மழை பெஞ்சுதா இல்லையான்னு கூட இருந்தவங்க யாருகிட்டயாவது விசாரிச்சிருக்கலாமே? நம்பர் இருக்குமே அவன்கிட்ட?"

"இருக்கும்" என்றார் அம்சம். மண்வெட்டியைத் தோளில் எடுத்து வைத்துக்கொண்டார்.

"நான் கேக்கல."